நான்காம் மாடியில் ஒரு நிஜமான பயிற்சி

"லிஃப்ட் நம்பர் போடலைன்னா அடுத்த பக்கமே வரமாட்டேங்குது சார்!" என்று அலறினார் புகார்ப் பிரிவு அக்கா.

பயிற்சியாளர் பதறவில்லை. தொலைபேசியில் கத்துவது பயிற்சிக்காக நடிக்கும் ஆள் என்று அறைக்கே தெரியும்; அது தன் மச்சான்தான் என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் அது. போன மாதம் வந்தவர் பூக்கடை ஆர்டரை உதாரணமாக வைத்துப் புது மென்பொருளைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக, பாதி மாடியில் லிஃப்ட்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் அக்கா, "சிவப்பு ரோஜாவா, மஞ்சளா?" என்று கேட்டுவிட்டார்.

அதனால்தான் இவர் வந்தார். "உங்க வேலை, உங்க கட்டிடம், உங்க லிஃப்ட்டு. எல்லாம் நிஜம் மாதிரியே இருக்கும்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். வாடிக்கையாளர் அழைப்புகளை வேறு கிளைக்குத் திருப்பிவிட்டார். அலுவலக ஆட்களுக்கு மட்டும் தெரிந்த நம்பரை மச்சானிடம் கொடுத்து, இதே கட்டிடத்து லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டதாக நடிக்கச் சொல்லியிருந்தார். பதினொரு மணிக்கு, அங்கே யாரும் இதுவரை முகம் பார்த்திராத முதலாளியே வந்து பார்க்கப் போகிறார். பிடித்தால் நிரந்தர வேலை. பிடிக்காவிட்டால், ஆயுள் முழுக்க மாமனாரின் பெயின்ட் கடை.

பத்தரைக்குக் கூப்பிட வேண்டிய மச்சான், பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் கூப்பிட்டான். சோம்பேறி.

"மாட்டிக்கிட்டவன் நம்பரா பாத்துக்கிட்டிருப்பான்? உங்க கட்டிடம்தாம்மா! மூச்சு முட்டுது!"

குரல் எதிரொலித்தது. குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிறான் போலிருக்கிறது! கல்யாண வீட்டில் ஒரு வார்த்தை பேசாதவனுக்குள் இப்படியொரு நடிகனா? அசந்துபோன பயிற்சியாளர் காதைத் தடவிக்கொண்டார். சந்தோஷம் வந்தால் அது அவர் பழக்கம்.

"நம்பர் தெரியலைன்னா பூஜ்யம் போடுங்கக்கா."

போட்டார். திரை சிவந்தது.

"'கழித்துக்கட்டிய லிஃப்ட். உள்ளே ஆள் இல்லை'ன்னு வருது சார்."

"ஆள் இல்லையா? அப்ப நான் யாரு, ஆவியா?" என்று ஸ்பீக்கர் வீறிட்டது.

"புகாரை மூடிட்டு, புதுசா ஒண்ணு திறங்க" என்றார் பயிற்சியாளர்.

மூடினார். உடனே இயந்திரக் குரல் இனிமையாகப் பேசியது: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் தாருங்கள்."

எதிர்முனையில் ஒரு கேவல். பிறகு விசும்பல்.

"சார், நடிக்கிறவரு நிஜமாவே அழுவுறாரு."

"நம்ம ஏற்பாடு அப்படிக்கா!"

சுவருக்கு அப்பால் தடதடவென்று சத்தம். "எவன்டா இப்ப ஆணி அடிக்கிறவன்?" என்று முணுமுணுத்தபடி, பயிற்சிக்கு வந்திருந்த ஸ்டோர்காரர் கதவை இறுக்கிச் சாத்தினார்.

"நான் யாருன்னு தெரியுமா? ஒருத்தருக்கும் நாளைக்கு வேலை இருக்காது!"

அக்கா பயிற்சித் தாளில் ஏழாம் வரியைத் தேடிப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரா இருந்தாலும் வரிசைதான் சார். பொறுமை காத்ததுக்கு நன்றி."

அறையே கைதட்டியது. "அப்படிப் போடுக்கா!" என்றார் ஸ்டோர்காரர். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மணி பதினொன்று இருபது. இத்தனை அருமையான காட்சியைப் பார்க்க முதலாளி இல்லையே என்று பயிற்சியாளர் அங்கலாய்த்தார். வாசலை எட்டிப் பார்த்தார். வெறிச்சென்றிருந்தது. சட்டைப்பையில் கைபேசி அடித்தது. மச்சான்.

"டேய், பிரமாதம்டா! கடைசியில அந்த அழுகை இருக்கே, எனக்கே உடம்பு சிலிர்த்துப்போச்சு!"

"திட்டணும்னா நேராவே திட்டுங்க மாமா. இப்பத்தான் தூங்கி எந்திரிச்சேன். எந்த நம்பருக்குக் கூப்பிடணும்னு சொன்னீங்க?"