புது கியர்பாக்ஸுக்கு ஒரு விருந்து

இந்தத் தடவை பெண்டாட்டி பேச்சைக் கேட்பதில்லை என்று சவரம் பண்ணும்போதே முடிவெடுத்துவிட்டார் ராதிவோய். தபால்காரராக முப்பது வருஷம் ஸ்மெதெரேவோ நகரம் முழுக்கப் படியேறி இறங்கியவர். வீட்டில் மட்டும் இறங்கியே பழக்கம்.

விஷயம் இதுதான். பத்தொன்பது வயசுக் காரின் கியர்பாக்ஸ் போய்விட்டது. மூன்றாவது கியர் போட்டால் தானே நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும், பெண்டாட்டி லூபிங்கா முன்னால் அவர் எடுக்கும் முடிவுகள் மாதிரி.

"புதுசு போட்டா நிம்மதி. உடைச்ச கார்ல கழட்டினது போட்டா மலிவு. ஆனா அது எங்க என்ன பாடுபட்டுச்சோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்," என்றான் மெக்கானிக் கோய்கோ.

"புதுசுதான்," என்றாள் லூபிங்கா. "அக்கா ஊருக்கு மலை ஏறணும். பாதி வழியில நின்னா உங்களையா கட்டி இழுக்கச் சொல்றது?"

மாசக்கணக்கில் அடுப்படியில் நின்று, குடமிளகாய் சுட்டு, தொக்கு கிளறி விற்ற காசை அப்படியே எடுத்துக் கொடுத்தாள்.

ராதிவோய் வாங்கியது பழசு. மிச்சம் மொத்தத்துக்கும் ஒரு தூண்டில். அடடா, என்ன தூண்டில்! மூச்சுவிடக் கூடாது என்று கோய்கோவிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

"புதுசுதானே போட்டீங்க?" என்றாள் லூபிங்கா.

"பளபளன்னு இருக்கு, போய்ப் பாரேன்."

"அப்ப ஞாயித்துக்கிழமை தெருவுக்கே விருந்து வைக்கணும்."

"எதுக்கு?"

"எதுக்கா? புதுசு வாங்கினவனை ஊர் சும்மா விடுமா? பக்கத்து வீட்டு போஷ்கோ, துணி துவைக்கிற மெஷினுக்கே ஒரு ஆட்டை உரிச்சாரு. பழசுன்னா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. நம்மளுதுதான் புதுசாச்சே!"

அந்தப் 'புதுசு'வில் இருந்த அழுத்தத்தில் அவருக்கு வியர்த்துவிட்டது. வாயைத் திறந்தால் மானம் போகும். மூடினால் ஆடு போகும். மூடிக்கொண்டார்.

தண்ணீரையே பார்க்காத தூண்டில் சனிக்கிழமை பாதி விலைக்கு போஷ்கோவிடம் போனது. ஞாயிறு மதியம் அது ஆட்டுக்கறியாகவும் பிளம் சாராயமாகவும் திரும்பி வந்தது. தெருவே தின்றது. "கியர்பாக்ஸ் நூறு வருஷம் வாழணும்!" என்று கோப்பையை உயர்த்தியது. ராதிவோய் மட்டும் தட்டைத் தள்ளி வைத்தார். பக்கத்தில் லூபிங்கா ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தாள். மிளகாய்த் தோல் உரித்து உரித்து அவள் நகக்கண் இன்னும் சிவந்திருந்தது. அந்தக் காசிலா தூண்டில் வாங்கினோம்? சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று மனசு அடித்துக்கொண்டது.

எல்லாரும் போனதும் சொல்லிவிட்டார்.

"லூபிங்கா, அது பழசு. ஏமாத்திட்டேன். தப்புதான்."

"தெரியும்ங்க."

"கோய்கோ சொன்னானா?"

"அவன் வாயே திறக்கலை. நீங்கதான் சொன்னீங்க. புதுசான்னு கேட்டா பளபளன்னு இருக்குங்கறீங்க!"

"கோபமில்லையா?"

"என்னத்துக்கு? காலையில அக்கா ஊருக்குக் கிளம்பணும். பெட்டி, தொக்கு பாட்டில் எல்லாத்தையும் கார்ல ஏத்துங்க. மலையில பாத்து ஓட்டுங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. எப்பேர்ப்பட்ட மனசு! "நீ பக்கத்துல இருக்கும்போது எனக்கென்ன பயம்?"

"நானா?" கைப்பையைத் திறந்து காட்டினாள் லூபிங்கா. "நான் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துட்டேன்."