சங்கரலிங்கம் நாவடக்கிய படலம்

நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு என்னும் நால்வகைப் படைகளும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று வந்து நிற்க, வெறுந்தாளில் திருமகளையும் வேல்முருகனையும் வரவழைத்து, வீட்டுக்கொரு காலண்டராய் நாடெங்கும் ஆணியில் தொங்கவைக்கும் அச்சுத் தெய்வமே, காப்பு! உன் அடியார்களுள் தலையாயவனும், திருத்தங்கலில் இரண்டு பெரிய மெஷின்களுக்கு அதிபதியும், லட்சுமியின் உதட்டுச் சிவப்பு உதட்டைவிட்டு ஒரு நூல் நகர்ந்த குற்றத்துக்காக ஒரு லோடு தாளையே பஜ்ஜிக் கடைகளுக்கு நாடு கடத்திய நெஞ்சுரத்தோனுமாகிய சங்கரலிங்கம், கொடைக்கானல் மலைமேல் தன் நாக்கோடு தானே பொருத பெரும்போரைப் பாடப் புகுந்தேன். குறையிருந்தால் பெரியோர் பொறுத்தருள்க. எனக்கும் மலை ஏறினால் தலை சுற்றும்.

காவியத்துக்கு ஒரு நாயகி வேண்டும். அவள் செல்லக்கனி, நாயகனின் இல்லத்தரசி மட்டுமல்லள், அவன் அச்சகத்தில் தாள் பிரிக்கும் மேசையின் பேரரசியும் அவளே. நல்ல தாள் எது, கழிவு எது என்று ஒரே புரட்டலில் சொல்லிவிடும் அக்கொடியிடையாளுக்குக் கல்யாணமான மறுவாரமே மலைப்பயணம் வாய்த்திருக்க வேண்டும். பட்டாசுப் பெட்டி லேபிள் ஆர்டர் வந்து அதைக் கெடுத்தது. ஆடியில் போகலாம் என்றான். ஆடிப்பெருக்கன்றுதான் புதுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் போடுவார்கள். ஐப்பசியில் போகலாம் என்றான். ஐப்பசியில் மெஷினை நிறுத்துவதும் ஓடுகிற ரயிலை நிறுத்துவதும் ஒன்று. இப்படியே பதினோரு ஆண்டுகள் ஓடின. கடைசியில் ஒரு தை மாதம், காலண்டர் சீசனின் கடைசி லோடும் ஏறிப்போன அன்று மாலை, அவளே போய் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டு வந்தாள்.

அன்றைய சோற்றுத் தட்டை அவன் முன் வைத்த கையோடு ஓர் ஆணையும் வைத்தாள்.

"இந்தா பாருங்க. ரெண்டு நாளைக்கு பிரஸ்ஸுங்கிற பேச்சே இருக்கக்கூடாது. தாளு, மை, கலரு, ஒண்ணும் வாயில வரக்கூடாது. ஒரு வார்த்த வந்துச்சோ, அடுத்த பஸ்ஸுல நான் கீழ எறங்கிருவேன். பதினோரு வருசமா அம்புட்டுத் தாளையும் உத்து உத்துப் பாத்தீகள்ல, ரெண்டு நாளு எம் மூஞ்சியப் பாருங்க."

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. அது கேட்டு, மோர்ச்சோற்றுக் கையோடு எழுந்து நின்று, திசையெட்டும் கேட்க நாயகன் சூளுரைத்தான்.

"கொடைக்கானல்ல நான் வாயத் தொறந்தா அது ஒன்னப் பத்தித்தான் கனி! மீறுனேன்னா, என்னய மெஷின்காரன்னு ஒருத்தன் சொல்ல வேணாம்!"

வானவர் பூமாரி பொழிந்தனர் என்று எழுத ஆசைதான். ஆனால் அங்கே மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியலில் வீரன் தன் படைக்கலங்களைத் துறந்தான். கைபேசியை அணைத்து அவள் பையில் போட்டான். மெஷின்களை மேஸ்திரி ராஜபாண்டியன் வசம் ஒப்படைத்து, வாசலிலேயே இரண்டுமுறை கும்பிட்டான். ஆனால் தாளில் விழும் மைப்புள்ளியைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டும் அந்த மடக்கு லென்ஸை மட்டும் பிரிய மனமின்றி, குளிருக்கு வாங்கிய குரங்குக் குல்லாவுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டான். பேச மாட்டேன் என்றுதானே சத்தியம், கொண்டுபோக மாட்டேன் என்று சொல்லவில்லையே என்பது அவன் பக்கத்து நியாயம்.

முதல் நாள் போரில் வெற்றி அவனுக்கே. விடுதியின் உணவுப் பட்டியல் அட்டையில் இட்லி பச்சையாய் அச்சாகியிருந்தது; அட்டையைக் கவிழ்த்து வைத்து, இருப்பதைக் கொண்டுவரச் சொன்னான். படகுச் சீட்டில் எண்கள் சாய்ந்து கிடந்தன; பார்க்காமலே மடித்துப் பைக்குள் தள்ளினான். சாக்லேட் டப்பாவின் தங்க எழுத்து விரலோடு உரிந்து வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டான். வாக்குத் தவறாமல் மனைவியின் முகத்தையே அவன் இமையாது நோக்கிய நோக்கில், "என்னங்க, மூஞ்சில எதுவும் ஒட்டியிருக்கா?" என்று அவள் இருமுறை துடைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் மூன்று மணிக்கு ஊர் திரும்பும் பஸ். ஒரு மணிக்கு, ஊருக்கு மேலே, ஓவியர்களும் குயவர்களும் கிதார்க்காரர்களும் கூடும் ஒரு தேநீர் விடுதிக்கு அவள் அவனை அழைத்துப் போனாள். கைபேசியில் படம் பார்த்துப் பார்த்து அவள் ஆசைப்பட்ட இடம் அது. நாய்கூட அங்கே பாய் விரித்துத்தான் தூங்கியது. காலியாக இருந்தது ஒரே மேசை. அதற்கு எதிர்ச்சுவரில் விதி சட்டமிட்டு, கண்ணாடி போட்டு, தனி விளக்கும் ஏற்றிக்கொண்டு காத்திருந்தது.

நீலமலையின் முன்னே நிற்கும் ஒரு பெண்ணின் படம். மூன்றே நிறம். அவற்றுள் சிவப்பு மட்டும் ஒரு நெல்மணி அகலம் இடப்பக்கம் ஓடிப்போயிருந்தது. பொட்டு புருவத்தில் இருந்தது. உதடு தாடையில் இருந்தது. மூக்குத்தியின் சிவப்புக்கல்லோ ஓரிடத்திலும் இல்லாமல் காற்றில் நின்றது.

மூண்டது போர்! கண் என்னும் தூதன் கண்டு வந்து சொல்ல, மூளை என்னும் முரசு அதிர, வலக்கை தானே புறப்பட்டுக் குல்லாவை நோக்கி நகர, இடக்கை பாய்ந்து அதன் மணிக்கட்டைப் பற்ற, 'சிவப்பு விலகியிருக்கு' என்னும் இரண்டே சொற்கள் தொண்டைக்குழியிலிருந்து மதயானைகளாய்க் கிளம்பி வந்து பற்களாகிய கோட்டைக்கதவை முட்ட, முட்டிய யானைகள்மேல் இஞ்சி டீயைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, நாக்கு வெந்து, கண்ணில் நீர் பெருகி, தை மாதத்து மலைக்குளிரிலும் முதுகு வேர்த்து, அப்பேர்ப்பட்ட வீரன் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு கிடந்தான். செல்லக்கனி தன் டீயைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

அந்நேரம் மரமணி மாலை அணிந்த ஓவியக்காரப் பெண் புன்னகையோடு வந்து சேர்ந்தாள்.

"பிடிச்சிருக்கா சார்? நானே கையால அச்சுப் போட்டது. சிவப்ப வேணும்னேதான் தள்ளிப் போட்டேன். பொருந்தாம இருக்குறதுதான் இதோட அழகு."

வேணும்னே! ஆயுள் முழுதும் எந்தப் பிழையைத் துரத்தித் துரத்தி அடித்தானோ, அந்தப் பிழைக்கு இங்கே சட்டமும் விளக்கும்! பஜ்ஜி மடித்துப் போன அத்தனை தாள்களும் அவன் மனக்கண்முன் எண்ணெய் வடிய எழுந்து நின்று நியாயம் கேட்டன. நாயகன் பதினோரு ஆண்டு காத்திருந்தவளையும் அவள் சொன்ன அடுத்த பஸ்ஸையும் நினைத்தான். பிறகு, சான்றோர் போற்றும் அந்த மறுமொழியை உரைத்தான்.

"டீ நல்லாருக்கும்மா."

வென்றான் சங்கரலிங்கம்! சங்கு முழங்குக, முரசு அறைக என்று நான் எழுத்தாணியை எடுக்கும்போதுதான் அவன் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். செல்லக்கனியின் டீ குடிக்காமலே ஆறியிருந்தது. அவள் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் சுவரைக் குறிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க," என்றாள். "அந்தச் செவப்பு ரெண்டு மில்லிமீட்டரு வெலகிருக்குல்ல? உக்காந்ததுலருந்து பாக்கேன், டீ எறங்க மாட்டேங்குது."

கோட்டைக்கதவு தூளானது.

"ரெண்டில்ல கனி, ரெண்டரை!"

"ரெண்டுதான். குல்லாவுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீகள்ல லென்ஸு, அத எடுங்க, பாத்துருவோம்."

ஓவியக்காரப் பெண் ஓரடி பின்வாங்க, பாயில் கிடந்த நாயும் எழுந்து பார்க்க, திருத்தங்கல் தம்பதியர் ஆளுக்கொரு நாற்காலிமேல் ஏறி, கன்னத்தோடு கன்னம் உரச ஒரே லென்ஸுக்குள் இரண்டு கண்ணை நுழைத்து, ரெண்டா ரெண்டரையா என்று வழக்காடினர். பொட்டை அளந்தனர், உதட்டை அளந்தனர். மூக்குத்திக்கு வரும்போது நாற்காலி ஆட, லென்ஸ் வழுக்கி, படத்துப் பெண்ணின் மூக்கைவிட்டுப் பக்கத்திலிருந்த மூக்குக்கு வந்தது. அங்கே, மூக்குத்திக்குக் கீழே, கடுகளவில் ஒரு மச்சம் இருந்தது. பதினோரு வருஷத்தில் அதை அவன் கண்டதே இல்லை. வெட்கமாகவும் இருந்தது அவனுக்கு, சந்தோஷமாகவும் இருந்தது. லென்ஸை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றான். எந்தத் தாளையும் அவன் அவ்வளவு நேரம் பார்த்தவனில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை.

மூன்று மணி பஸ் போய்விட்டது.