குணலட்சுமியின் செடிக்கு வந்த ஓட்டை வருத்தம்

உரும்பிராய்,
9.3.1986

அன்புத் தங்கச்சி குணலட்சுமிக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் உன் மச்சாள் பாலேஸ்வரியும் சுகம். நீயும் மகளும் புதிதாய் வந்த பேரக்குஞ்சும் கொழும்பில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுகிறோம். உன் கடிதத்தில் பேரனைப் பற்றி இரண்டு வரியும் மிச்சமெல்லாம் செடியைப் பற்றியும் இருந்தது. செடி உயிரோடு இருக்கிறது. இதை முதலில் எழுதிவிட்டேன், இனி ஆறுதலாக மிச்சத்தை வாசி.

மச்சான் கண்டியிலிருந்து இரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று, அவர் கண் மூடிய பிறகு நீ பிள்ளை போலப் பார்த்தது, அதனால்தான் நீ மகளின் பேற்றுக்குக் கொழும்புக்குப் போகையில் பூச்சாடியை என் கையில் தந்தபோது மறு பேச்சில்லாமல் வாங்கினேன். யன்னலோரம் வை, மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் விடு என்று நீ சொன்னாய். வெங்காயத்துக்கு இறைத்தே முதுகு வளைந்தவன் நான், கண் முன்னால் ஒரு செடி நிற்க அதற்குத் தண்ணீர் விடாமல் எப்படி இருப்பது? விட்டேன். ஒரு இலை மஞ்சளாகியது. பாலேஸ்வரி வாளியைப் பிடுங்கி ஒளித்துவிட்டாள். அதற்குப் பிறகு செடி தேறிப் புது இலையும் விட்டது. நல்ல பெரிய இலை. சுருள் விரிந்ததும் பார்க்கிறேன், நடுவில் ஓட்டை.

நீ தந்தபோது எல்லாம் முழு இலை. இது என் கையில் வந்த ஓட்டை. மிளகாயிலும் புகையிலையிலும் எனக்குத் தப்பிய மயிர்க்கொட்டிப் புழு இந்த ஊரில் இல்லை என்று உனக்குத் தெரியும். இலையின் மேலே தேடினேன், கீழே தேடினேன், மண்ணைக் கிளறினேன், ஒன்றுமில்லை. அடுத்த இலையில் இன்னும் கூடுதலாக ஓட்டை. பக்கத்துக் காணி ஏரம்பு வந்து பார்த்துவிட்டு, "முருகேசண்ணை, உவன் கெட்டிக்காரப் புழு. வந்து சாப்பிட்டிட்டுக் கையும் கழுவிப்போட்டுப் போறான்" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புகையிலைக் கசாயம் காய்ச்சி அடித்தேன். வீடு முழுக்கச் சுருட்டுக் கொட்டில் மாதிரி மணந்தது. செடிக்கு ஒன்றும் ஆகவில்லை, பாலேஸ்வரிதான் தும்மித் தும்மி அடுப்படியில் போய்ப் படுத்தாள். பிறகு செடியை யன்னலிலிருந்து எடுத்து, புழுவின் கண்ணுக்குப் படாமல் உள்ளறையில் நெல்மூட்டைக்குப் பின்னால் வைத்தேன்.

உனக்கு என்ன பதில் சொல்வேன் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை, தங்கச்சி. போன கிழமை கொடிகாமம் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது ஒரு வீட்டு விறாந்தையில் அதே செடியைக் கண்டேன். ஆள் உயரம். இலையெல்லாம் சல்லடை. பாவம் இந்த மனுசன் என்று மனம் உருகி, சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு உள்ளே போனேன். செபநாயகம் என்று ஒருவர், இளைப்பாறிய ஸ்டேசன் மாஸ்டர், பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்கடையையும் பிடிச்சிட்டுதோ?" என்று கேட்டேன்.

"எது?"

"ஓட்டை வருத்தம், இலை நோய். நான் புகையிலைக் கசாயம் அடிச்சுப் பாத்தனான். கேக்காது. எண்டாலும் மனதுக்கு ஒரு ஆறுதல்."

அவர் என்னைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார். மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. சத்தம் கேட்டு அவருடைய மனைவி மரியநாயகி ஓடிவந்து, "என்னப்பா, நெஞ்சை அடைக்குதோ?" என்று முதுகைத் தடவினார். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "தம்பி, உந்தச் செடிக்கு வயது வர வர இலை ஓட்டையோடைதான் விரியும். ஓட்டை விழுந்தால் செடி நல்லாய் இருக்குது எண்டு கருத்து" என்றார்.

"அப்ப நான் தேடின புழு?"

"அது உங்கடை தலைக்குள்ளை."

எனக்குக் கோபம் வரவில்லை, பிள்ளை. அந்த அம்மா தந்த தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, கொடிகாமத்திலிருந்து வீடு வரைக்கும் சைக்கிள் தானாக ஓடியது போல வந்தேன். மச்சான் மடியில் வந்த கன்று என் வீட்டில் பெரிய ஆளாகிவிட்டதே என்று நினைத்து நினைத்து ஈரத்துணியால் இலையெல்லாம் துடைத்தேன். இப்போது வருகிற போகிற எல்லாரையும் உள்ளறைக்குக் கூட்டிப்போய் ஓட்டை காட்டுகிறேன். ஏரம்பு, "போன மாதம் உதுக்குத்தானே அழுதனீங்கள்" என்கிறான். அவனுக்கு என்ன தெரியும்?

ஆகவே செடியைப் பற்றி ஒரு துளி கவலையும் வேண்டாம். இந்தச் சாதிச் செடியைப் பற்றி இனி நான் அறியாதது ஒன்றுமில்லை. மகளுக்குக் கைகால் சுகமாகி, பேரன் கழுத்து நிமிர்ந்த பிறகு ஆறுதலாக வா. எல்லாருக்கும் எங்கள் ஆசீர்வாதம். குஞ்சின் உள்ளங்காலில் இந்தத் தாத்தாவின் கொஞ்சலைச் சேர்த்துவிடு.

இப்படிக்கு,
அன்பு அண்ணன்,
முருகேசு

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது பாலேஸ்வரி கூப்பிட்டாள். உள்ளறையில் புது இலை விரிந்திருக்கிறது. முழு இலை. ஊசி போகவும் ஓட்டை இல்லை. "இருட்டுக்குள்ளை அடைச்சு வைச்சால் என்ன செய்யும்?" என்று அவள் செடியைத் தூக்கி யன்னலில் வைத்துவிட்டாள். எனக்கு அவள் சொல்லில் நம்பிக்கையில்லை. மேலே எழுதியதை நம்பி நீ ஆறுதலாக இருந்துவிடாதே, நான் இப்போதே கொடிகாமத்துக்குச் சைக்கிளை எடுக்கிறேன். "வரேக்கை ரெண்டு தேங்காய் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்கிறாள் உன் மச்சாள்.