எமெட் தூக்கிக் காட்டிய ஒன்பது

கேரி, இண்டியானா
வியாழக்கிழமை

அன்புள்ள லவெல் அண்ணனுக்கு,

உன் முழங்காலும் அண்ணியின் ரத்த அழுத்தமும் சீராக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். வேண்டியாயிற்று. இனித் திட்டலாம்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, காபிகூடப் போடாமல், பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை உருவி நாய்த் தீவன மூட்டைக்குள் செருகினேன். கூடைப்பந்து டங்க் போட்டிகளின் வரலாறு என்று நீ எழுதிய முழுப்பக்கக் கட்டுரை எமெட் கண்ணில் படக்கூடாது என்றுதான். இருபத்து மூன்று வருஷக் கல்யாண வாழ்க்கையில் ஒருநாளும் நாய்க்குச் சாப்பாடு வைக்காத என் கணவர், இன்றைக்கென்று வைத்தார்.

எழுபத்தாறில் டென்வரில் ஆட்ட இடைவேளையில் தொடங்கியது என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்திருக்கிறாய். கண்ணைக் கட்டிக்கொண்டு பந்தை வளையத்துக்குள் அறைந்தவர், காரைத் தாண்டி அறைந்தவர் எல்லாரும் வருகிறார்கள். தொண்ணூற்றெட்டில் பெரிய லீக்கே சலித்துப்போய்ப் போட்டியைக் கைவிட்டதும், நம் ஊர்ச் சின்ன லீக் தானாக ஒன்று நடத்தியதும் வருகிறது. அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். "நான்கு நடுவர்கள் எனக்குப் பத்து காட்டினார்கள். பல்லைத் தவிர எதையும் பார்க்கத் தெரியாத ஒரு பல் டாக்டர் ஒன்பது காட்டினார். ஒரே புள்ளியில் கோப்பை போனது." இது வரலாறா? இந்த ஊரில் நடுவராக உட்கார்ந்த பல் டாக்டர் எத்தனை பேர்?

எமெட் அதைப் படித்துவிட்டுத் தன் பல் கிளினிக்குக்குப் போனார். வலி பத்துக்கு எவ்வளவு என்று முதல் நோயாளியிடம் கேட்டிருக்கிறார். "நான் எவ்ளோ சொன்னா என்ன டாக்டர், நீங்க ஒண்ணு குறைச்சுத்தானே போடுவீங்க?" என்றாளாம் அந்த அம்மாள். அடுத்து வந்த தபால்காரர் ஓட்டிஸ், வாய் நிறையப் பஞ்சு, பேச முடியாமல் ஒன்பது விரலை நீட்டினாராம். மத்தியானம் வீடு திரும்பியவர், சனிக்கிழமை அந்தப் போட்டியின் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவில் மறுபடி நடுவர் நாற்காலியில் உட்காரவென்று இஸ்திரி போட்டு வைத்திருந்த கோட்டை மறுபடி அலமாரிக்குள் மாட்டிவிட்டார். "நான் வரல, யோலாண்டா. அரங்கம் முழுக்கக் கூச்சல் போடும். என்னால முடியாது."

உடனே உனக்குப் போன் செய்தால் நீ சிரிக்கிறாய். "வரலைன்னா என்னம்மா, அவர் நாற்காலியில ஒரு பல்செட்டை வெச்சுட்டாப் போச்சு!"

அண்ணா, கேட்டுக்கொள். முதல் இரண்டு முறையும் பந்தை வளையத்தில் இடித்து வெளியே விட்டவன் நீ. மூன்றாவதில்தான் உள்ளே போனது. அதற்கு ஒன்பதே தாராளம். இப்போதெல்லாம் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரர்கள் வியப்பில் தலையில் கைவைத்துக்கொண்டு நாலு பக்கமும் ஓடினால் போதும், நடுவர்கள் பத்தைத் தூக்கிவிடுகிறார்கள். ஒருத்தர் நேர்மையா ஒன்பது காட்டினா அவர் குருடரா? வருஷா வருஷம் நன்றி நாள் விருந்துக்கு வந்து என் வான்கோழியைத் தின்னுக்கிட்டே அவரைக் குத்துறே. நீ கடிக்கிற அந்த ரெண்டு பல்லும் அவர் உனக்குச் சும்மா கட்டிக் கொடுத்தது! அவரிடம் மன்னிப்புக் கேட்காமல் என் வாசல் பக்கம் வராதே.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தங்கள். உனக்கு ஒன்றும் கிடையாது.

யோலாண்டா

பி.கு.: உறையை ஒட்டப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்று நடுவர்களுக்கு எண் அட்டைகளை அடுக்கிக் கொடுத்த கல்லூரிப் பெண் நான்தான். உனக்கு முன்னால் ஆடியவனுக்கு ஐந்து நடுவர்களும் பத்து காட்டி ஐம்பது விழுந்ததும், அட்டைகளைத் திரும்ப அடுக்கித் தரும் சாக்கில், எமெட்டின் பத்தின் பின்பக்கத்தில் என் தொலைபேசி எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டேன். அவருக்குப் பின்வரிசையில் அப்பா, சர்ச் ஆட்கள் அத்தனை பேரோடும். அட்டையை உயர்த்தினால் வரிசையே படிக்கும். நீ வளையத்திலிருந்து இறங்கினாய். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், ஒன்பதைத் தூக்கினார்.

உன்னுடையது பத்துதான், அண்ணா. அதுபோல ஒன்றை நான் பிறகு பார்க்கவில்லை. என் மானத்துக்காக அவர் இத்தனை வருஷம் பேசவில்லை. அதை அவருடைய பெருந்தன்மை என்று சொல்லிக்கொண்டு நான் சௌகரியமாக இருந்துவிட்டேன். சனிக்கிழமை அவர் நாற்காலியில் நான் உட்காரப் போகிறேன். மைக் கைக்கு வந்ததும், முன்வரிசையில் அப்பா இருக்கும்போதே, இதை அப்படியே சொல்லப் போகிறேன். எமெட்டுக்குத் தெரியாது. உனக்கும் தெரிய வேண்டாம். இந்தக் கடிதத்தைத் திங்கட்கிழமைதான் தபாலில் போடுவேன்.