சுருதியின் மெயில்களும் மலைக்குப் பின்னால் போன சூரியனும்

கம்ப்யூட்டர் விஷயத்தில் இனிமேல் பெண்டாட்டியிடம் யோசனை கேட்பதில்லை என்று ஒரு சனிக்கிழமை காலையில் சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான். வாய்விட்டு எடுத்தால் அதற்கும் அவளிடம் பதில் சொல்ல வேண்டிவரும்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் கிழடு. உள்ளே இருக்கும் விண்டோஸும் பழசாம்; புதுசு போடச் சொல்லி தினமும் ஸ்கிரீனில் நச்சரிப்பு. போடலாம், பயம் ஒன்றுதான். அதற்குள் எங்கள் ஒரே மகள் சுருதியின் மெயில்கள் இருந்தன. ஜெர்மனிக்குப் படிக்கப் போன புதிதில் வாராவாரம் நீளநீளமாக எழுதுவாள். இப்போது வேலை, குடும்பம்; வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வந்தால் அதுவே பெரிய விஷயம். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் செய்த ஏற்பாட்டில், அந்த மெயில்கள் இன்டர்நெட்டில் கிடையாது. எங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான். போனால் போனதுதான்.

என் மனைவி கனகலதா பள்ளிக்கூட ஆபீசில் தினமும் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவள். "மொதல்ல மெயிலை வேற இடத்துல காப்பி பண்ணுங்க. அதைத் திறந்து பாருங்க. அப்புறமா கை வைங்க" என்று ஒரு மாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ரிட்டயர் ஆன ஆம்பளைக்கு ரோஷம் இருக்காதா? அவள் இல்லாத நேரத்தில் முடித்துக் காட்டுவதென்று தீர்மானித்தேன்.

"கனகா, கீழ்பென்னாத்தூர் போய் உங்க அக்காவைப் பாத்துட்டு வாயேன். பாவம், ஏங்கிப் போயிருப்பா."

"போன வாரந்தானே இங்க வந்துட்டுப் போனா?"

"அது அவ வந்தது. நீ போகலையே!"

ஏற இறங்கப் பார்த்தாள்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே வண்டில கொண்டாந்து விடறேன்."

"நீங்களா?" கொஞ்சம் யோசித்தாள். "சரி, குளிச்சிட்டு வாங்க. கெளம்பலாம்."

இவ்வளவு சுலபமாக மடங்கிவிட்டாளே என்று பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தேன்.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து பென் டிரைவைத் தேடினேன். கிடைப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. ஸ்கிரீனில் இருந்த தபால் உறைப் படத்தைப் பிடித்து இழுத்து அதில் போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் காப்பி ஆகிவிட்டது. இத்தனை வருஷத்து மெயில், ஒரே நொடியில்! நம்ம கம்ப்யூட்டருக்கு இவ்வளவு வேகமா என்று பூரித்துப் போனேன். சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடம் அது.

திறந்து பார்த்திருக்கலாம். ஆனால் நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. அதிலும் எங்கள் வேங்கிக்கால் வீட்டுக்கு மேற்கே மலை. வெயில் கொஞ்சம் சீக்கிரமே மறைந்துபோகும். வெளிச்சம் மங்க மங்க என் வயிறு அலறியது. 'எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடவா?' என்று ஸ்கிரீன் கேட்டது. போடு ராஜா போடு என்று அமுக்கிவிட்டு அடையைத் தின்ன ஓடினேன்.

திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்றிருந்தது. பென் டிரைவைச் செருகி உறைப் படத்தைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் தட்டினேன். அப்போதுதான் உறைத்தது. அந்தப் படம் மெயிலைத் திறக்கும் குறுக்குவழி மட்டும்தான்; மெயில்கள் வேறெங்கோ இருந்தன. நான் எடுத்து வைத்தது வீட்டை அல்ல, வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையை. வீட்டை இடித்தாகிவிட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது. பிள்ளை வளர்ந்து போய்விட்டாள். அந்த வயசுச் சுருதி அந்த மெயில்களில்தான் இருந்தாள்.

கேட் சத்தம். கனகலதா.

"அக்கா வூட்லயே வெளிச்சத்தோட சாப்ட்டுட்டேன். நீங்க?"

"ஆச்சு. புது விண்டோஸும் போட்டாச்சு!"

"மெயிலு?"

"பத்திரமா இருக்கு."

"அப்ப அந்த ரச மெயிலைப் படிங்க, கேப்போம்."

ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். எத்தனை தடவை படித்தது! தானாக வந்தது.

"அப்பா, இன்னிக்கு மொதல் தடவையா ரசம் வெச்சேன். புளி ஜாஸ்தி, உப்பு கம்மி. இந்த ஊர்ல எந்த ஜன்னலைத் திறந்தாலும் மலையே இல்லப்பா. மலையைப் பாக்காம எனக்கு விடியவே மாட்டேங்குது..."

அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் துணிச்சல் வந்தது.

"எந்தக் காரியத்தையும் அப்பா மாதிரி பொறுமையா செய்யணும்னு இங்க வந்துதான் புரிஞ்சுது."

கண்ணைத் திறந்தாள். "அது அதுல இல்லையே."

"உனக்கெப்படித் தெரியும்?"

"மத்தியானந்தான் படிச்சேன். அக்கா வூட்டு லேப்டாப்புல. ரெண்டு பேரும் ஒரே அழுகை." கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தாள். "கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு நாளாவது என்னை பஸ் ஸ்டாண்டுல விட்டிருக்கீங்களா? அப்பவே தெரிஞ்சுபோச்சு. நீங்க குளிக்கற நேரத்துக்கு இன்னும் நாலு கம்ப்யூட்டரைக்கூட காப்பி எடுக்கலாம்."

கோபம் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த பென் டிரைவைச் செருகினேன். உள்ளே ஒரே ஒரு போல்டர். அதற்குக் காலையிலேயே பெயரும் வைத்திருந்தாள்:

'இவர் அழித்த பிறகு.'