வெள்ளிக்கிழமைத் தாடை வாத்தியார்

வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்ச் சட்டியில் எது வேகலாம், எது வேகக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னவர் சாமியார் இல்லை, தாடை வாத்தியார். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் மகாராஜாவுக்கு அடுத்த அதிகாரம் அதுதான்.

ஆவூர்ப் பக்கத்து வேதக்காரர்கள் நாங்கள், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். வெள்ளிக்கிழமை கறி கிடையாது, மீன் உண்டு. ஆனால் எது மீன்? அதற்குத்தான் வாத்தியார். தனிக்கட்டை. எதைக் கொண்டுபோனாலும் மூங்கில் சிம்பால் அதன் வாயைத் திறந்து தாடையைப் பார்ப்பார். பிறகு செவுளைத் தூக்குவார். பாம்பென்று பெண்கள் அலறிய விலாங்கை, "செவுள் இருக்குல்ல? மீனுதான், கொழம்பு வைங்க" என்று சட்டிக்கு அனுப்பியவர் அவர்.

ஒருமுறை என் கொழுந்தன் உயிரோடு ஒரு நீர்க்கோழியைப் பிடித்துக்கொண்டு போனான்.

"கொளத்துலதானே கெடக்கு வாத்தியாரே, மீனுன்னு வச்சுக்கங்களேன்."

"எருமையுந்தான் கொளத்துல கெடக்கு. அதையும் கொழம்பு வைக்கிறியா?"

சனிக்கிழமை வரை அந்தக் கோழி எங்கள் வீட்டில் கத்திக்கொண்டு கிடந்தது.

ஒருநாள் என்னிடம் சொன்னார்: "மீன்லயே மூத்த வகை ஒண்ணு சீமையில இருக்கு ஆத்தா. திருச்சியில படிக்கையில போத்தல்ல பாத்தேன். தாடையே கெடையாது. வட்ட வாயி. ஒட்டிக்கிட்டு உறிஞ்சும்."

"தாடை இல்லாமலா? அப்ப எங்க மாமியா வகையறா இல்ல."

சிரித்தார். சிரித்தவர் விடவில்லை. முள்ளுக்குப் பதில் குருத்தெலும்போடு திரியும் சுறா, தரையில் நடக்கும் பனையேறிக் கெண்டை, மேலே வந்து காற்றுக் குடிக்கும் விரால் என்று பேசிக்கொண்டே போனார். வாரம் முழுக்கப் பேசாமல் சேர்த்துவைத்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்ற நாளில் அந்த வாசலில் காக்கைகூட உட்காராது.

பிறகு புதுச் சாமியார் வந்தார். "சந்தேகம் வந்தால் பருப்பு வையுங்கள்; வாத்தியாரைத் தொந்தரவு செய்யாதீர்கள்" என்று பூசையில் சொல்லிவிட்டார். நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார். ஊரும் கேட்டுக்கொண்டது. அந்த வெள்ளிக்கிழமை வாத்தியார் பெஞ்சைத் துடைத்து, சிம்பைச் சீவி வைத்து, வாசலைப் பார்த்தபடி இருந்தார். ஒருவரும் வரவில்லை.

எனக்குப் படிப்பு கையெழுத்தோடு சரி. ஆனால் மீனில் என்னை ஏய்த்தவள் எவளும் இல்லை. அப்படிப்பட்ட நான் அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கெண்டையைத் தூக்கிக்கொண்டு தெரு நடுவே நடந்தேன்.

"மகராசிக்குக் கெண்டை தெரியலையாக்கும்!" என்றாள் எதிர்வீட்டுக்காரி. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வாத்தியாரய்யா, இது மீனுதானான்னு பாருங்க."

கெண்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதன் வாயைத் திறந்தார், செவுளைத் தூக்கினார், புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"சட்டுனு சொல்லிற முடியாது ஆத்தா. உக்காருங்க."

உட்கார்ந்தேன். கெண்டை நாறும் வரைக்கும் அவர் பேசினார். எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.