செக் காட்டில் நான் கட்டிய கோட்டை

பொறாமைப்படவும் ஒரு தகுதி வேண்டும். எனக்கு அது பி.ஏ. புவியியல் முடித்த கையோடு வந்துவிட்டது.

எண்பதுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நான் கிளார்க். அப்பா அங்கேயே பேக்கிங்கில். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் மிதித்தவன் நான்தான். அப்போது செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஒரு மெஷின் வந்தது. பூட்டிக்கொடுக்க ஒரு இன்ஜினியரும் வந்தார். மதியம் அவர் சாப்பிட உட்கார்ந்தது என் பக்கத்திலா? பத்தாவது ஃபெயிலான ஃபிட்டர் செல்வத்தின் பக்கத்தில். அரைகுறை இங்கிலீஷில் இருவரும் பேசிப் பேசிச் சிரிப்பார்கள். (என் சுத்தமான இங்கிலீஷ் டிபன்பாக்ஸோடு வீணாகிக்கொண்டிருந்தது.)

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் அப்பா கேட்டுவிட்டார்: "செல்வம் வெள்ளக்காரரோட இன்னாமா பேசிக்கினு கீறான். நீ படிச்சிட்டு இன்னா பண்றே நைனா?"

வழியனுப்பு விழாவில் விருந்தினரின் ஊரைப் புகழ்ந்து பேச நானே கைதூக்கினேன். ஊர் காட்டுக்குள் இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. அட்லஸில் இல்லை. செல்வத்தைக் கேட்டிருக்கலாம். (செத்தாலும் கேட்பேனா?) மேடையில் ஊரைப் புகழ்ந்தால் ஆறு, அரசன், கோட்டை மூன்றும் வேண்டும் என்பது எங்கள் கல்லூரித் தமிழ் மன்றத்துப் பழக்கம். மூன்றையும் தமிழில் தாராளமாகக் கொடுத்தேன். வற்றாத ஆற்றில் படகு விட்டேன். கோட்டை வாசலில் யானை கட்டினேன்.

அவர் காதோரம் செல்வம் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பதை யானைக்கு அப்புறம்தான் கவனித்தேன்.

அவர் எழுந்தார். கோபமே இல்லை. அவர் சொல்லச் சொல்லச் செல்வம் தமிழில் சொன்னான். நாலைந்து வீடுகள்தான் ஊராம். விறகு கிடைக்கிறதே என்று அந்தக் காலத்தில் கண்ணாடி காய்ச்சுகிறவர்கள் சூளை போட்டார்களாம். மரம் தீர்ந்ததும் சூளை வேறு இடம் போய்விட, சிலர் மட்டும் தங்கினார்களாம். காடு திரும்ப வளர்ந்து ஊரை மூடிக்கொண்டதாம்.

"ஓடை ஒண்ணு கீதாம், தாண்டிக் குதிச்சிடலாமாம். ராஜா யாரும் வர்லியாம். யானைய மட்டும் சார் எங்க பாத்தாருன்னு கேக்குறாரு."

கொட்டகையே சிரித்தது. அப்பா மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு அந்த ஊரிலிருந்து வாழ்த்து அட்டை வந்தது, செல்வம் வீட்டுக்கு. (அதற்கும் வயிறெரிந்தேன்.) இன்ஜினியரின் மகள் வரைந்த படம்: ஊசியிலை மரங்கள், நடுவே கோட்டை, வாசலில் யானை.

அப்பா போய்ச் செல்வத்திடம் அதைக் கேட்டு வாங்கிவந்து டி.வி.க்கு மேலே ஒட்டினார். இன்றைக்கும் எங்கள் பட்டாபிராம் வீட்டுக்கு யார் வந்தாலும், காபி வருவதற்குள் காட்டிவிடுகிறார்.

"எம் புள்ள கட்டன கோட்டை. செல்வத்தால ஓடையதான் காட்ட முடிஞ்சிது."